பிறப்பித்தார், நிறைவேற்றினார்கள்

2017 ஜனவரி 21, சனிக்கிழமை. ஒரு தமிழ் நாளிதழில் எனக்கு இரவுப் பணி. மெரினாவில் ஐந்தாம் நாளாகக் கூட்டம் கலையவில்லை. மாலையில் ஆளுநர் வித்யாசாகர் ராவ் கையெழுத்திட்டுவிட்டார் என்ற செய்தி வந்ததும், முதல் பக்கத்துக்கு நான் எழுதிய தலைப்பு: ‘ஜல்லிக்கட்டுச் சட்டம் நிறைவேறியது’. எழுத்து பெரிது, அளவு கச்சிதம், ஒரு எழுத்துகூடப் பத்திக்கு வெளியே துருத்தவில்லை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

செய்தி ஆசிரியர் அச்சுப்படியை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “பேரவை கூடியதா?”

“இல்லை சார்.”

“கூடாமல் எப்படி நிறைவேறும்?”

சிவப்பு மையில் ‘நிறைவேறியது’ அடிபட்டது. ‘அவசரச் சட்டம் பிறப்பிப்பு’ என்று எழுதினார். “பேரவை நிறைவேற்றும். ஆளுநர் பிறப்பிப்பார். இரண்டையும் குழப்பினால் ஒரு எழுத்துப் பிழை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, தம்பி.” பக்கம் போய்விட்டது. நான் வெட்கத்தோடு தேநீர் குடிக்கப் போனேன்.

அந்த இரண்டு வினைச்சொற்கள் அன்றிலிருந்து என்னை விடவில்லை. நிறைவேற்றுவதற்குப் பலர் வேண்டும். ஒருவர் முன்மொழிய, மற்றவர்கள் பேச, அவைத் தலைவர் ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று கேட்க வேண்டும். பிறப்பிப்பதற்கு ஒரு பேனா போதும். உத்தரவைப் பிறப்பிக்கிறோம், வாரண்டைப் பிறப்பிக்கிறோம். நிர்வாகத்தின் வினைச்சொல் அது. ஆனால், அந்தச் சொல்லை ‘சட்டம்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் வைக்கும் வசதியை நம் அரசமைப்பு கொடுத்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் குடிமையியல் ஆசிரியர் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். சட்டம் இயற்றுவது ஒன்று, அதைச் செயல்படுத்துவது ஒன்று, விளக்கம் சொல்வது ஒன்று. மூன்றுக்கும் நடுவே அடிக்கோல் வைத்து இழுத்த கோடு. தேர்வுக்கு அது சரி. நம் ஊரில் அந்தக் கோடு பாதி இடங்களில் அழிந்துதான் கிடக்கிறது. அமைச்சர்கள் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஆகியாக வேண்டும். ஆளுநர் இன்னும் விசித்திரம். மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் அவரிடம் இருப்பதாக 154ஆம் பிரிவு சொல்கிறது. 168ஆம் பிரிவைப் பார்த்தால் சட்டமன்றம் என்பதே ஆளுநரும் பேரவையும் சேர்ந்ததுதான். ஒரே மனிதர், இரண்டு வீட்டு ரேஷன் அட்டையிலும் பெயர்.

அவசரச் சட்டம் இந்தக் கலப்பின் உச்சம். மத்தியில் குடியரசுத் தலைவருக்கு 123ஆம் பிரிவு, மாநிலத்தில் ஆளுநருக்கு 213ஆம் பிரிவு. அவை கூட்டத்தொடரில் இல்லாதபோது, உடனடி நடவடிக்கை தேவைப்படும் சூழ்நிலை இருப்பதாக அவர் கருதினால், அமைச்சரவையின் ஆலோசனைப்படி அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். அவை இயற்றிய சட்டத்துக்கு இருக்கும் அதே வலிமை அதற்கும் உண்டு. அவை மீண்டும் கூடியதும் முன்வைக்க வேண்டும். கூடிய நாளிலிருந்து ஆறு வாரம் முடிந்தால் உயிர் போய்விடும். அவை மறுத்தால் அதற்கு முன்பே போகும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதால், கணக்குப் போட்டால் ஓர் அவசரச் சட்டத்தின் அதிகபட்ச ஆயுள் ஏறத்தாழ ஏழரை மாதம்.

‘அவசரச் சட்டம்’ என்பது நாம் வைத்த பெயர். இலங்கைத் தமிழர்களிடம் கேட்டால் ‘கட்டளைச் சட்டம்’ என்பார்கள். அங்கே அது வெள்ளையர் காலத்தில் இயற்றி இன்றுவரை நடைமுறையில் இருக்கும் பழைய சட்டங்களுக்குப் பெயர், அவசரம் எதுவும் அதில் கிடையாது. நம் பெயரில்தான் ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அவை மூடியிருக்கும்போது மட்டும்தான் நிர்வாகம் சட்டம் போடலாம் என்கிறது விதி. சரி, அவையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்வது யார்? அதே நிர்வாகம். கடை சாத்தியிருக்கும் நேரத்தில் மட்டும் பின்வாசலால் சரக்கு எடுத்துக்கொள் என்று அனுமதி கொடுத்துவிட்டு, ஷட்டர் சாவியையும் அவரிடமே கொடுத்தாற்போல.

இந்தச் சாவி எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் இது கிடையாது. அரசர் வெறும் பிரகடனத்தால் நாட்டின் சட்டத்தை மாற்ற முடியாது என்று எட்வர்ட் கோக் முதலான நீதிபதிகள் 1610இலேயே சொல்லிவிட்டார்கள். தங்கள் வீட்டில் பூட்டி வைத்ததை ஆங்கிலேயர்கள் காலனியில் திறந்துவிட்டார்கள். 1861ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம், ஆறு மாதம் செல்லுபடியாகும் அவசரச் சட்டங்களைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை வைஸ்ராய்க்குக் கொடுத்தது. அந்த அதிகாரம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 1930 மே 1ஆம் தேதி ஓர் உதாரணம். லாகூர் சதி வழக்கை வழக்கமான நீதிமன்றத்திலிருந்து எடுத்து, மேல்முறையீடு இல்லாத மூன்று நீதிபதிகளின் தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கும் அவசரச் சட்டத்தை அன்று வைஸ்ராய் இர்வின் பிறப்பித்தார். அக்டோபர் 7ஆம் தேதி பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவருக்கும் தூக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. மாத இறுதியில் அவசரச் சட்டத்தின் ஆறு மாதம் முடிந்தது. மத்திய சட்டசபை அதை விவாதித்து ஏற்கவே இல்லை. சட்டம் செத்துப்போனது, தண்டனை சாகவில்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள்தான் அரசமைப்பை எழுத உட்கார்ந்தார்கள். அவர்களே அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் புரியாத புதிர். அரசமைப்பு நிர்ணய சபையில் எச்.என். குன்ஸ்ரு போன்றவர்கள் காலவரம்பைக் குறுக்கச் சொன்னார்கள். அவை கூடாத நேரத்தில் திடீரென்று ஒரு தேவை வந்தால் என்ன செய்வது என்று அம்பேத்கர் கேட்டார். பிரிவினைக் கலவரத்தின் புகை அடங்காத காலம். கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மை காய்வதற்குள் அரசு பழக்கத்துக்கு ஆளாகிவிட்டது. மக்களவையின் முதல் தலைவர் மாவலங்கர் 1950இலும் 1954இலும் நேருவுக்குக் கடிதம் எழுதி, அவசரச் சட்டம் போடுவது ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது என்று ஆட்சேபித்தார். தன் கட்சிப் பிரதமருக்கு அவைத் தலைவர் எழுதிய கடிதம் அது என்பதை இன்றைய சூழலில் நினைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

1969இல் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். தேதிகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜூலை 19: பதினான்கு வங்கிகளை எடுத்துக்கொள்ளும் அவசரச் சட்டம். கையெழுத்திட்டவர் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி. ஜூலை 20: குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக கிரி பதவி விலகுகிறார். ஜூலை 21: நாடாளுமன்றம் கூடுகிறது. இரண்டு நாள் பொறுக்க முடியாத அவசரம் வங்கிகளுக்கு வந்ததா, ஆளும் காங்கிரஸ் கட்சிக்குள் வந்ததா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன். என் அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். அவர் முன்னால் இதைக் கேள்வியாகக் கேட்கக்கூட என்னால் முடிந்ததில்லை.

ஆனால் இந்த வித்தையில் பட்டம் வாங்கியது பீகார்தான்.

டி.சி. வாத்வா என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர். புனேயில் உள்ள கோகலே ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். பீகாரின் நில உடைமை பற்றி ஆராய்ச்சி செய்யப் போனார். போனவர் கண்ணில் பட்டது வேறு. அந்த மாநிலத்தின் சட்டங்களில் பெரும்பகுதி சட்டமே இல்லை, அவசரச் சட்டங்கள். அவற்றின் ஆயுள் முடிவதற்குள் அதே வாசகத்தோடு மறுபடி பிறப்பித்திருக்கிறார்கள். மறுபடி. மறுபடி. 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களை இப்படி உயிரோடு வைத்திருந்தார்கள், ஓராண்டிலிருந்து பதினான்கு ஆண்டு வரை. ஏழரை மாதம் வாழ வேண்டியது பள்ளிக்கூடம் சேர்ந்து, பத்தாம் வகுப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்த ஒரு காகிதத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கூட்டத்தொடர் முடித்து வைக்கப்பட்டதும், சட்டமன்ற விவகாரத் துறையின் சிறப்புச் செயலாளர் எல்லாத் துறைச் செயலாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புவார். அவை முடிந்துவிட்டது, உங்கள் துறையின் அவசரச் சட்டங்களை மறுபடி பிறப்பிக்க உடனே ஏற்பாடு செய்யுங்கள் என்பது அதன் சாரம். அரசமைப்பில் ‘உடனடி நடவடிக்கை தேவைப்படும் சூழ்நிலை’ என்று எழுதியிருப்பதற்கு, தலைமைச் செயலக மொழியில் ஒரு சுற்றறிக்கை. மின்கட்டண நினைவூட்டல் மாதிரி. அந்த எழுத்தர் அதைத் தட்டச்சு செய்யும்போது ஏதும் நினைத்திருக்க மாட்டார். சென்ற முறை நகலை எடுத்து வைத்துத் தேதியை மட்டும் மாற்றியிருப்பார். இதைச் சதி என்பதைவிடச் சோம்பல் என்று சொன்னால்தான் எனக்குப் பொருந்துகிறது. நானும் அலுவலகத்தில் வேலை பார்த்தவன்.

வாத்வா இதைப் புத்தகமாக எழுதினார், வழக்கும் தொடுத்தார். பீகார் அரசின் சட்டம் புனே பேராசிரியரை என்ன செய்தது, இவருக்கு வழக்குப் போட என்ன உரிமை என்று எதிர்த்தரப்பு கேட்டது. சட்டப்படி ஆளப்படும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் உண்டு என்று 1986 டிசம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள். அவையைத் தாண்டி இப்படிப் பிறப்பித்துக்கொண்டே போவது அரசமைப்பின் மீது நடத்தும் மோசடி என்பதும் தீர்ப்பு. வாத்வாவுக்குச் செலவுத் தொகையாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள்.

பீகார் திருந்தியதா? மூன்றே ஆண்டில், 1989இல், 429 தனியார் சம்ஸ்கிருதப் பள்ளிகளை அரசே எடுத்துக்கொள்ள ஓர் அவசரச் சட்டம். அதன் பின்னால் வரிசையாக மேலும் பல. எதுவும் அவை முன் வைக்கப்படவே இல்லை. 1992இல் கடைசி அவசரச் சட்டம் காலாவதியானது. அரசு ஊழியர் ஆகிவிட்டோம் என்று நம்பியிருந்த ஆசிரியர்கள் சம்பளம் கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். இறுதித் தீர்ப்பு வந்த நாள் 2017 ஜனவரி 2. ஏழு நீதிபதிகள் அமர்வு. அவை முன் வைப்பது கட்டாயம், வைக்காவிட்டால் அது அதிகார அத்துமீறல் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. இருபத்தெட்டு ஆண்டு கழித்து. அந்தத் தீர்ப்பு வந்து மூன்றாம் வாரம்தான் நான் அந்தத் தலைப்பை எழுதினேன்.

மெரினாவுக்குத் திரும்புகிறேன். விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் வருவது. 1960ஆம் ஆண்டின் மத்திய சட்டத்துக்கு முரணாக மாநிலம் சட்டம் போட வேண்டுமானால் குடியரசுத் தலைவரைத் தாண்டிப் போக முடியாது. அதனால் வரைவு டெல்லிக்குப் போய், அமைச்சகங்கள் பார்த்து, திரும்பி வந்து, ஆளுநர் பிறப்பித்தார். அசுர வேகம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூரில் வாடிவாசலைத் திறந்துவைக்க முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மதுரை போனார். வாடிவாசல் திறக்கவில்லை. ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றார்கள்.

அன்று எங்கள் அலுவலகத்திலேயே சிலர் அலுத்துக்கொண்டார்கள்: கேட்டது கிடைத்துவிட்டது, இன்னும் என்ன? எனக்கு மட்டும் முந்தைய இரவின் சிவப்பு மை கண்ணுக்குள் இருந்தது. காளையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஊர்க்காரர்கள் என் செய்தி ஆசிரியர் சொன்னதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். பிறப்பித்தது போதாது, நிறைவேற்று. கையெழுத்தால் வந்தது கையெழுத்தால் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வாரத்தில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் 213ஆம் பிரிவு அலசப்பட்ட அளவுக்கு எந்தச் சட்டக் கல்லூரியிலும் அலசியிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை, ஜனவரி 23. காலையில் மெரினாவில் போலீஸ் தடியடி, நகரெங்கும் புகை. மாலையில் பேரவை சிறப்பாகக் கூடி மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. மாத இறுதியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல். அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திங்கள் இரவு தலைப்பில் ‘நிறைவேறியது’ என்று எழுதினேன். யாரும் அடிக்கவில்லை.

இந்தக் கதையின் எதிர்ப்பக்கம் ஐந்து ஆண்டு கழித்து வந்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தி வாரந்தோறும் பக்கம் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022 அக்டோபர் தொடக்கத்தில் தடைக்கான அவசரச் சட்டத்தை ஆளுநர் ஆர்.என். ரவி பிறப்பித்தார். அக்டோபர் 17 பேரவை கூடியது. 19ஆம் தேதி அதே தடை மசோதாவாக நிறைவேறியது. இங்கேதான் கவனிக்க வேண்டும். அமைச்சரவை நீட்டிய தாளில் சில நாளில் கையெழுத்திட்டவர், பேரவை நிறைவேற்றி அனுப்பிய மசோதாவில் கையெழுத்திடவில்லை. ஆறு வாரம் ஓடியது. நவம்பர் 27 அன்று அவசரச் சட்டம் காலாவதி.

மறுநாள் அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண். “சார், ரம்மிக்குத் தடை இருக்கிறதா இல்லையா? என் வீட்டுக்காரரிடம் தடை என்று சொல்லித்தான் கட்டுப்படுத்தி வைத்திருந்தேன்.” பேரவை நிறைவேற்றிவிட்டது அம்மா, ஆனால் சட்டம் இல்லை என்றேன். “அது எப்படி சார்?” என்றார். அமைச்சரவை போட்டது இருந்தது, மக்கள் பிரதிநிதிகள் 234 பேர் கொண்ட அவை போட்டது இல்லை. எனக்கே சொல்லி முடிக்க நா எழவில்லை. மார்ச்சில் மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். பேரவை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. இடையில் நான்கு மாதத்துக்கு மேல். அந்தப் பெண் மறுபடி அழைக்கவில்லை.

ஆளுநரிடம் நிலுவையில் கிடந்த மற்ற மசோதாக்கள் உச்ச நீதிமன்றம் போன கதை நீளமானது. 2025 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள், ஆளுநருக்குக் கெடு விதிக்கவோ ஒப்புதல் வந்ததாகப் பாவிக்கவோ நீதிமன்றத்தால் முடியாது என்று கருத்துரைத்தார்கள். காரணம் சொல்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால் மட்டும் வரம்புக்குட்பட்டுத் தலையிடலாமாம். எனக்கு முதல் தீர்ப்பின் கோபம் பிடித்திருந்தது. இரண்டாவதன் தர்க்கத்தை மறுக்க வழி தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது இன்னும் தெரியவில்லை.

எல்லா அவசரச் சட்டமும் பிறந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்டனை பெற்ற உறுப்பினரின் பதவி உடனே பறிபோகும் என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை முறியடிக்க மன்மோகன் சிங் அமைச்சரவை ஓர் அவசரச் சட்டம் தயாரித்தது. செப்டம்பர் 27 அன்று ராகுல் காந்தி, அது கிழித்தெறிய வேண்டிய அபத்தம் என்று பத்திரிகையாளர்கள் முன் வெடித்தார், திரும்பப் பெறப்பட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 2014 செப்டம்பர் 27, பெங்களூரு தனி நீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா பதவி இழந்தார். 2023 மார்ச்சில் ராகுல் காந்தியின் பதவியே அதே விதியால் போனது, சில மாதம். அரசியலுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

சாவி என்றேன் அல்லவா, அது திரும்பும் ஓசையை ஒருமுறை தெளிவாகக் கேட்டிருக்கிறேன். 2015 மார்ச். நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டம் ஏப்ரல் 5இல் காலாவதியாக வேண்டும். மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. பட்ஜெட் தொடர் இடைவேளையில் இருந்தது. ஈரவைகளில் ஏதாவது ஒன்று தொடரில் இல்லாவிட்டாலே அவசரச் சட்டம் போடலாம். எனவே மாநிலங்களவைத் தொடரை மட்டும் மார்ச் 28 அன்று முடித்து வைத்தார்கள். ஏப்ரல் 3: மறுபடி அவசரச் சட்டம். முப்பத்தைந்து வார்த்தையில் வந்த அந்த ‘முடித்து வைப்பு’ ஏஜென்சி செய்தியை எங்கள் பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்காக நானேதான் தூக்கியிருந்தேன்.

வெளியார் பலருக்கு இது தெரியாது. ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என்று அவைத் தலைவர் அறிவிப்பதோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். அது தலைவரின் வேலை. அதற்குப் பிறகும் கூட்டத்தொடர் ஏட்டளவில் உயிரோடுதான் இருக்கும். அமைச்சரவை சொல்லி ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ‘முடித்து வைத்து’ உத்தரவு போட்ட பிறகுதான் அவசரச் சட்டத்துக்கு வழி திறக்கும். முதல் மக்களவை ஐந்து ஆண்டில் 677 நாள் அமர்ந்தது. பதினேழாவது மக்களவை 274 நாள். மூடியிருக்கும் நாள் கூடக் கூட, அந்த ஒற்றைப் பத்தி உத்தரவுக்கு எடை கூடுகிறது.

வேலையை விட்டு இரண்டு ஆண்டு ஆகிறது. காலையில் நாளிதழை இப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பும் பழக்கம் போகவில்லை. பேரவைத் தொடர் முடிந்த வாரங்களில் என் மனைவி கேட்பாள், அப்படி எதைத் தேடுகிறீர்கள் என்று. ஐந்தாம் பக்கம், இடது ஓரம், வரி விளம்பரங்களுக்கு மேலே: ‘பேரவைக் கூட்டத்தொடரை முடித்து வைத்து ஆளுநர் உத்தரவு’. சில நாள் இருக்கும். பல நாள் அந்த இடத்தில் விளம்பரம் இருக்கும்.